எதற்கும் இல்லாத சுவிட்ச்

இன்று காலை வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த துணியை உதறியபோது பல மாதமாகப் போடாமல் கிடந்த என் பழைய நீலச் சட்டையின் பையிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. விரல் நீளம்தான். மேலே ஒட்டியிருந்த கண்ணாடி டேப்பின் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. உள்ளே இருந்த எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு மை, நேராக நிற்கிற எழுத்து. பென்சிலில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் மெல்லப் போட்டு, நடுவே பிசகாமல் எழுதியது. "இது எதற்கும் இல்லை."

ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் அப்படியே நின்றேன். "கொடி அறுந்துபோச்சா?" என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார். இல்லை என்றேன்.

அம்மா, மந்தைவெளி வீட்டை விற்றுவிட்டோம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். நானும் அப்பாவுமாக முடிவெடுத்தோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மையில் நான் முடிவெடுத்தேன், அப்பா "சரி" என்றார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவருடைய முழங்கால் இரண்டும் போய்விட்டன. நீ இருந்தவரை கடைக்கும் மருந்துக்கும் நீ இறங்கினாய். நீ போன பிறகு அவர் இறங்குவதையே விட்டுவிட்டார். பகலெல்லாம் அவர் மேலே தனியாக உட்கார்ந்திருக்க, நான் நகரத்தின் இன்னொரு கோடியில் கம்ப்ரெஸரில் காற்று கசிகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். விற்றால்தான் என் கம்பெனி பஸ் போகிற வழியில் லிஃப்ட் வைத்த வீடு வாங்க முடியும். இதுவரை எல்லாம் சரி. விற்பதற்காக நான் செய்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

வாங்க வந்தவர்கள் வீட்டைப் பார்க்கவில்லை, படித்தார்கள். நீ அப்படி வைத்திருந்தாய். சேப்பாக்கத்து அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்ட கை. வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு சீட்டு. சிங்குக்குக் கீழே இரண்டு வால்வு: "நல்ல தண்ணீர், காலையில் மட்டும்." "போர் தண்ணீர், குடிக்காதே." குளியலறைக் குழாயின் மேல்: "இடது பக்கம் திருகினால் மூடும். ஆமாம், இடது." மேற்கு ஜன்னலில்: "மழை வந்தால் முதலில் இதைச் சாத்து." ஃபிரிட்ஜ் பிளக்குக்குப் பக்கத்தில்: "சூடாகிறது. மாற்றியாயிற்று. மறுபடி பார்."

காலேஜில் படிக்கும்போது என் நண்பன் ஒருவன் வந்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தது நினைவிருக்கிறதா? "மச்சி, உன் முதுகுலயும் ஏதாவது ஒட்டியிருக்காங்களா, திரும்பு பாக்கலாம்" என்றான். அவன் போன பிறகு உன்னிடம் கத்தினேன். வீடா இது, ஆபீஸ் ஸ்டோர் ரூமா என்றேன். நீ அரிசி களைவதை நிறுத்தவே இல்லை. "அந்தப் பையன் தண்ணி குடிச்சானா?" என்று கேட்டாய். குடிச்சான் என்றேன். "எந்தக் குழாயில குடிக்கணும்னு உன்னை வந்து கேட்டானா? கேக்கலை இல்ல? போ."

புரோக்கருக்கு அந்தப் பெருமையெல்லாம் புரியவில்லை. மூன்றாவது பார்ட்டியும் ஜன்னல் சீட்டைப் படித்துவிட்டுப் படி இறங்கிப் போன அன்று அவர் ஹால் நடுவில் நின்றுகொண்டு சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. எல்லா வீட்டுலயும் குறை இருக்கும். உங்க வீடு ஒண்ணுதான் வாயைத் திறந்து தானே சொல்லுது."

பிறகு வரிசையாகச் சொன்னார். சீட்டெல்லாம் எடுக்கணும். பழைய சுவிட்ச் போர்டைக் கழற்றி வெள்ளை மாடுலர் போர்டு போடணும். பாதிச் சாமானைப் பரண் மேல் ஏற்றணும். ஆள் வரும் நேரத்தில் எல்லா விளக்கும் எரியணும், அடுப்பில் கொஞ்சம் ஏலக்காய் போட்டுப் பால் காயணும். சாப்பிடுவதற்கு இல்லை, வாசனைக்கு. கடைசியாகக் குரலைத் தணித்துக்கொண்டு, "அம்மா படத்தையும் சார். மாலை போட்ட படத்தைப் பாத்தா முதல் கேள்வியே, இந்த வீட்டுலயா உயிர் போச்சுன்னுதான். ஆஸ்பத்திரியிலன்னு நீங்க சொன்னாலும் மனசுல ஒட்டிக்கும்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வசதியான பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

படத்தைக் கழற்றினேன். மாலையை எடுத்துவிட்டு, உன் புடவை ஒன்றில் சுற்றி, படுக்கையறைப் பீரோவுக்குள் நிறுத்திவைத்தேன்.

பெயின்ட் அடிக்க காதர் பாய் வந்தார். கோடம்பாக்கத்துக்காரர். இளவயதில் சினிமா செட்டுக்குப் பெயின்ட் அடித்தவர், முடி மட்டுமல்ல, புருவம்கூட வெளுத்துவிட்டது. உள்ளே வந்ததும் ஒரு சுற்று சுற்றிப் படித்தார். "இன்னா சார் இது, வூடு முயுக்க வசனம் எய்தி வெச்சிக்கீறீங்க?" என்றார். ஹாலின் இரண்டாவது போர்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "எதற்கும் இல்லை? அப்பறம் இன்னாத்துக்கு கீது?"

அந்த சுவிட்சை வீடு கட்டிய எலக்ட்ரீஷியன் எதோடும் இணைக்காமல் விட்டுப் போயிருந்தான். நீ இரண்டு முறை போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் சீட்டு ஒட்டினாய். அப்பாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. தினமும் சாயங்காலம் விளக்குப் போடும்போது, எல்லா சுவிட்சையும் போட்டு முடித்துக் கடைசியாக அதையும் ஒரு தட்டுத் தட்டுவார். "எங்கே, ஏதாவது எரியுதா பாரு" என்பார். சமையலறையிலிருந்து நீ, தலையைக்கூடத் திருப்பாமல், "எரியலை" என்பாய். அந்த 'லை'யில் ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேல். ஒரு நாள் நான் பொறுமையிழந்து, இதற்கு ஒரு மூடி போட்டு அடைத்துவிடுகிறேன் என்றேன். "ஏன், நல்லாத்தானே இருக்கு" என்றார் அப்பா. நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

நீ போன பிறகும் அவர் அதைத் தட்டினார். நான் உள் அறையில் ஆபீஸ் போனில் இருப்பேன். 'டக்' என்று கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு நான் காது கொடுக்கவில்லை.

சீட்டுகளை நானே உரித்தேன். காதர் பாய் தகட்டால் சுரண்டப் பார்த்தார், வேண்டாம் என்று நகத்தால் எடுத்தேன். அதிலெல்லாம் பாசம் ஒன்றுமில்லை, சுவர் கீறக்கூடாது என்றுதான். எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டேன். எதற்கும் இல்லாத அந்தச் சீட்டை மட்டும் எப்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன் என்று சத்தியமாக நினைவில்லை.

அடுத்து படுக்கையறை மேற்குச் சுவர். அதைப் பற்றி நீ எழுதியிருந்தது பீரோவுக்குப் பின்னால். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறிப்பார்கள். நீ ஓதத்தின் உயரத்தைக் குறித்தாய். ஒவ்வொரு மழைக்காலமும் முடியும்போது, "அந்தப் பீரோவைக் கொஞ்சம் நகத்துடா" என்று என்னைக் கூப்பிடுவாய். ஈரம் ஏறிய இடம் வரை பென்சிலில் ஒரு கோடு, பக்கத்தில் மாசம், வருஷம். எதற்கு இது என்று கேட்டால், "மறைச்சு வெச்சா ரிப்பேர் ஆயிடுமா?" என்பாய். உன் கடைசி மழைக்காலத்திலும் கூப்பிட்டாய். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் வேறு ஏதோ வேலை.

காதர் பாயிடம், பீரோவை நகர்த்தி முழுச் சுவருக்கும் பட்டி பார்த்து அடிக்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன். மே மாசம், எலும்பு காய்கிற வெயில். ஓதம் என்று ஒன்று இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வந்து பார்த்தபோது சுவர் பால் மாதிரி இருந்தது. பீரோ அதன் இடத்திலேயே நின்றது. நல்ல வேலை என்றேன்.

அன்று மாலைதான் அது நடந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் ஃபேன் சுற்றியது, நின்றது. டியூப் லைட் எரிந்தது, அணைந்தது. அழைப்பு மணி தானாக அடித்தது. வந்து பார்த்தால் அப்பா புதுப் போர்டுக்கு முன்னால் நிற்கிறார், ஒரு விரலை நீட்டிக்கொண்டு.

"பாத்ரூம் லைட் எதுடா?"

இருபத்தாறு வருஷம் வாழ்ந்த வீடு, அம்மா. புதுப் போர்டிலும் சுவிட்சுகளின் வரிசையை நான் மாற்றவே இல்லை. "தெரியாதா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"எனக்கெங்க தெரியும்" என்றார். "நான் எப்பவும் படிச்சுத்தானே போடுவேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தகவல் சொல்கிற குரல். நீ போய் ஒரு வருஷமாக அவர் தினமும் உன்னைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். லைட் போடும்போது ஒரு வரி, குழாய் திறக்கும்போது ஒரு வரி. அதையெல்லாம் ஒரே நாளில் குப்பைப் பையில் போட்டுக் கட்டி, மூன்று மாடி இறங்கித் தொட்டியில் எறிந்துவிட்டு வந்திருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ராகு காலத்துக்கு முன்பாக, ஒரு தம்பதியைப் புரோக்கர் கூட்டி வந்தார். அந்தப் பெண் அடையாறில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பிறந்தது ஊரூர் குப்பத்தில். கணவர் ஏசி மெக்கானிக், அதிகம் பேசாதவர். எல்லா விளக்கும் எரிந்தன. ஏலக்காய்ப் பால் காய்ந்தது. அந்தப் பெண் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "பால் பொங்குது, யாராவது பாருங்க" என்றாள். அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

அவள் அலமாரியைத் திறக்கவில்லை, டைல்ஸைப் பார்க்கவில்லை. அறை அறையாகப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. படுக்கையறை மேற்குச் சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இது மட்டும் சில்லுனு கீதே. மழைக்கு ஓதம் வருமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, புதுப் பெயின்ட்டு, அதான்" என்றார் புரோக்கர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "நான் கடலாண்ட பொறந்தவ. எங்க வூட்டு சுவரு வருசத்துல பாதி நாளு இப்டித்தான் இருக்கும். சாரத்தான் கேக்கறேன்."

அறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.  அவர் என்னைப் பார்க்கவில்லை. பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். பாகத்தைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றை ஏற்றுவேன். குமிழி வந்தால் 'கசிவு' என்று எழுதுவேன். ஒரு சின்னக் குமிழிக்காகச் சண்டை போட்டு லோடு ஏற்றிய வண்டியையே நிறுத்தியிருக்கிறேன். குமிழியைப் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதியது அந்தச் சுவர் ஒன்றில்தான். இல்லை என்று சொன்னால் வீடு விற்றுவிடும், அப்பாவுக்கு லிஃப்ட் வந்துவிடும். உண்டு என்று சொன்னால் இதுவும் நாலாவது பார்ட்டியாகிப் படி இறங்கிவிடும், அடுத்த மழையிலும் அவர் மேலேயே உட்கார்ந்திருப்பார். 'இல்லை' நாக்கு நுனி வரை வந்தது.

"வரும்" என்றேன். "எவ்வளவு வரும்னு காட்டறேன்."

புரோக்கர் இருமினார். நான் பீரோவைப் பிடித்து இழுத்தேன், அந்தக் கணவரும் ஒரு கை கொடுத்தார். இழுக்கும்போது உள்ளே உன் படம் சரிந்து கதவில் தட்டியது. கேட்டது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பின்னால் பெயின்ட் இல்லை. பீரோவின் அளவுக்கு, அப்படியே பழைய மஞ்சள் சுவர். அதில் உன் கோடுகள்.

பிறகு ஒருநாள் காதர் பாயைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "கேமரா பாக்காத எடத்துல எவனாவது அடிப்பானா சார்? கை பயக்கம் அப்டி" என்றார். வழக்கமாக இப்படிப்பட்ட பதிலுக்கு நான் கத்துவேன். நன்றி பாய் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் குழம்பிப்போயிருப்பார்.

அந்தப் பெண் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். மார்பு உயரத்தில் முதல் கோடு: "மாடிக் குழாய் அடைப்பு." இடுப்பு உயரத்தில்: "குழாய் மாற்றியது." பிறகு முழங்கால். பிறகு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே. கடைசிக் கோடு கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. நேர்க்கோடு இல்லை, நடுங்கியிருந்தது. உன் கடைசி மழைக்காலத்துக் கோடு. நான் அடுத்த வாரம் என்று சொன்ன கோடு.

"பீரோவை யார் நகத்தினது?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"நாங்க ரெண்டு பேரும்தான். அவ விடலை." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கோடு போட்டுட்டு எழுந்திரிக்க முடியலை அவளால. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். யார் தூக்கறதுன்னு ரொம்ப நேரம் சிரிச்சிக்கிட்டு இருந்தோம்."

எனக்கு அது தெரியாது, அம்மா. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்றும் தெரியாது.

அந்தப் பெண் எழுந்தாள். "எங்கப்பாவும் தண்ணி வூட்டாண்ட எதுவரிக்கும் ஏறிச்சுன்னு கதவுல கீறி வெப்பாரு" என்று கணவரிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "எய்தினவங்க?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

அவள் தலையசைத்தாள்.  போகும்போது படியில் நின்று, "பேசிட்டுச் சொல்றோம். ஆனா ஒண்ணு. நாங்க எடுத்தா, அந்த எடத்துல மட்டும் பெயின்ட்டு அடிச்சிடாதீங்க" என்றாள். அவர்கள் இறங்கிய பிறகு அப்பா பீரோவைத் திறந்து, புடவையை அவிழ்த்து, படத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய ஆணியிலேயே மாட்டினார். புரோக்கர் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்தான் போன் செய்தாள். எடுத்துக்கொண்டார்கள்.

போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். உன் கடைசிக் கோட்டுக்கு நாலு விரல் கீழே ஒரு புதுக் கோடு. பக்கத்தில் மாசம், வருஷம். கோணல் எழுத்து. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "கொறைஞ்சிருக்கு" என்றார், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்த்த மாதிரி.

இங்கே லிஃப்ட் இருக்கிறது. அப்பா தினமும் இறங்கிப்போய்க் காய் வாங்குகிறார். வந்த முதல் மாதம் சீட்டெல்லாம் நான் எழுதி ஒட்டினேன். கோடு போட்டு, அளந்துதான் எழுதினேன். என் எழுத்து கோட்டுக்குள் நிற்பதில்லை. அப்பா ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, "உங்கம்மா பாத்தா திருப்பி அனுப்பியிருப்பா" என்றார். ஆனாலும் படித்துத்தான் போடுகிறார். என் எழுத்தை வீட்டில் ஒருவர் தினமும் படிப்பது எப்படி இருக்கிறது என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இந்த வீட்டு ஹாலிலும் ஒரு சுவிட்ச் எதற்கும் இல்லை. எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும் போலிருக்கிறது. நானும் போர்டைத் திறந்து பார்த்தேன், இரண்டு முறை. அதற்கு மட்டும் சீட்டு எழுதாமல் விட்டிருந்தேன். எழுதக் கை வரவில்லை. இன்று காலை துணியை உலர்த்திவிட்டு, உன் சீட்டைத் துடைத்து, புது டேப் போட்டு அங்கே ஒட்டினேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவர் விளக்குப் போடுவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நின்றுவிட்டது.  எட்டிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. அடுப்பைச் சின்னதாக்கினேன்.

டக்.

"எங்கே, ஏதாவது எரியுதா பாரு."

உன் இழுப்பு எனக்கு வராது, அம்மா. தலையைத் திருப்பாமல், என் குரலிலேயே சொன்னேன்.

"எரியலை."